அப்பா டியூப் அடைச்சிடுச்சு! கோலா ஊத்தச் சொன்ன அத்தைக்கு ஒரு வீடியோ

வணக்கம் மக்களே. கோலாலம்பூர் செந்தூல் வீடுதான், அதே மேசை, அதே கோப்பி ஓ. பின்னால துணி காயுது, கண்டுக்காதீங்க.

முதல்ல, அப்பாவுக்கு மூக்கு டியூப் வழியா பால் விடற இந்த சிரிஞ்சைப் பாருங்க. 50 மில்லி. போன மாசம் 3 வெள்ளி 20 காசு, நேத்து அதே கடையில 4 வெள்ளி 90! ஏன் ஆன்ட்டின்னு கேட்டா, "எல்லாம் ஏறிடுச்சுலா"ங்கறாங்க. வெறும் பிளாஸ்டிக்குங்க! எனக்கு இன்னும் ஆறல.

சரி, விஷயத்துக்கு வரேன். ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் அப்பாவுக்கு விழுங்க வரல, மூக்கு டியூப் போட்டு அஞ்சு வாரம் ஆச்சு, உங்களுக்குத் தெரியும். நேத்து ராத்திரி தம்பி மாத்திரையை அரைகுறையா இடிச்சு, பால்லயே கலக்கி விட்டுட்டான். நடுவுல தண்ணியும் விடல. அடைச்சுக்கிச்சு!

அத்தை போன்ல, "கோலா ஊத்து, கரைஞ்சிடும்". அத்தை, அந்தப் புளிப்பு பட்டா டியூப்ல இருக்கற பால் திரிஞ்சு இன்னும் கெட்டியாயிடும்! கம்பி விட்டுக் குத்தறதும் கூடாது, டியூப் கிழிஞ்சிடும்.

வெதுவெதுப்பான தண்ணியை சிரிஞ்சுல எடுத்து, மெதுவா உள்ள தள்ளி, மெதுவா இழுத்து... இருபது நிமிஷம். முழு பலத்தோட அழுத்தல. திடீர்னு சர்ருனு இறங்குச்சு பாருங்க, நான் கத்துன கத்துல பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் திறந்துட்டாங்க. வழி விடலைன்னா நேரா எமர்ஜென்சிதான்னு பையை எடுத்து வச்சிருந்தேன்.

ஆங், மறந்துட்டேனே! தண்ணி விடறதுக்கு முன்னாடி, டியூப்ல மூக்குகிட்ட இருக்கற அடையாளம் நகரலையான்னு பார்த்தேன். போன வீடியோவுல ஒருத்தர், டியூப் வயித்துலதான் இருக்கான்னு தெரிஞ்சுக்க, அதுல காத்தடிச்சு ஸ்டெதாஸ்கோப்புல சத்தம் கேட்டாலே போதும்னு எழுதியிருந்தீங்க. போதாதுங்க. டியூப் நுரையீரல் பக்கம் போயிருந்தாலும் சத்தம் கேக்கும். வயித்துத் தண்ணியை இழுத்து பிஎச் பேப்பர்ல வச்சா 5.5 இல்ல அதுக்குக் கீழ வரணும்னு மிஸ்ஸி, அதான் நர்ஸ், சொல்லிக் கொடுத்தாங்க. அமிலம் குறைக்கற மாத்திரை சாப்பிட்டா நம்பர் ஏறும், அதையும் அவங்கதான் சொன்னாங்க.

இன்னொண்ணு, தலைமாட்டை 30லேர்ந்து 45 டிகிரி தூக்கி வைக்கணும். பால் முடிஞ்சதும் அரை மணி நேரமாவது படுக்க விடக் கூடாது, மேல எதுக்களிச்சு நுரையீரல்ல இறங்கினா நிமோனியா. தம்பி நேத்து அதையும் செய்யல, இன்னைக்கு அவன்கூட பேச்சே இல்ல.

வயித்துல நேரா போடற பெக் டியூப் பத்தி டாக்டர் வியாழக்கிழமை பேசறேன்னிருக்காங்க. அப்பா என்னடான்னா, தே தாரிக், அதான் ஆத்துன பால் டீ, எப்போன்னு கையாலேயே கேக்கறாரு. சிரிஞ்சு வேற எங்கயாவது 4 வெள்ளிக்குக் கீழ கிடைச்சா கீழ எழுதுங்க, ப்ளீஸ்.