43 கடைகளும் ஒரு வெள்ளைத் திரையும்

நடுவர் அவர்களே, எதிரணியில் சட்டப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, சாப்பிட்டுவிட்டு மெதுவாக வரலாம் என்று நினைக்காமல் நேரத்துக்கு வந்து நாற்காலி பிடித்த ஊர் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஊரின் சுற்றுச்சூழலைக் காக்கப் பெரிதும் உதவுவது மக்கள் கூடிப் பார்க்கும் படமா, அரசு போடும் சட்டமா? இதுதான் இன்றைய தலைப்பு. நான் படத்தின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஐயா நன்றாகச் சிரிக்க வைத்தார். டூரிங் டாக்கீஸில் நியூஸ் ரீல் ஓடியபோது ஜனம் என்ன செய்தது என்று கேட்டார். பாதிப் பேர் முறுக்கு வாங்கப் போனார்கள், மீதிப் பேர் பீடி பற்றவைக்கப் போனார்கள், மரம் நடச் சொன்ன படத்தைப் பார்த்துவிட்டு எவன் மரம் நட்டான் என்றார். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன்.

ஆனால் ஐயா, அந்த நியூஸ் ரீலைத் தியேட்டர்காரர் ஆசைப்பட்டா ஓட்டினார்? மத்திய அரசு 1948இல் தொடங்கிய படப் பிரிவான பிலிம்ஸ் டிவிஷனின் படங்களைப் போட்டே ஆகவேண்டும் என்பது தியேட்டர் லைசென்ஸில் இருந்த நிபந்தனை. சட்டம் போட்டுக் காட்ட வைத்த படம் அது. அப்படியானால் முறுக்கு வாங்கப் போன ஜனம் தோற்கடித்தது எங்கள் படத்தையா, உங்கள் சட்டத்தையா? நடுவர் சிரிக்கிறார். அதையும் குறிப்பில் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் அணி சொல்கிற திரையிடல் வேறு. ஊர்க்காரர் ஒருவர் ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவது. படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு, "சரி, நம்ம ஊர்ல என்ன பண்ணலாம்?" என்று கேட்பது. அந்தக் கேள்வி இல்லாத திரையிடலுக்காக நான் வாதாட வரவில்லை.

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் என்றொரு மாவட்டம். அதில் மோட்பரி என்று ஒரு சின்ன ஊர். ஜனத்தொகை சுமார் 1,500. நம் பக்கத்துக் கிராமப் பஞ்சாயத்து ஒன்று அதைவிடப் பெரிதாக இருக்கும். ரெபெக்கா ஹோஸ்கிங் அந்த ஊர்ப் பெண், காட்டுயிர்களைப் படமெடுக்கும் கேமராக்காரர். பிபிசிக்காகப் படமெடுக்க ஹவாய்ப் பக்கம் போனார். அங்கே மிட்வே தீவில் அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை கூட்டங்கூட்டமாகக் குஞ்சு பொரிக்கும். அவர் கண்டது செத்துக் கிடந்த குஞ்சுகளை. வயிற்றுக்குள் பாட்டில் மூடி, சிகரெட் லைட்டர், டூத் பிரஷ். கடலில் மிதந்ததை இரை என்று நினைத்துத் தாய்ப்பறவை பொறுக்கி வந்து பிள்ளைக்கு ஊட்டியிருக்கிறது. மனிதர் கூட்டம் இல்லாத நடுக்கடல் தீவில் இந்தக் கதி.

இதுவரை சோகக் கதை. இப்படி எத்தனையோ படம் வந்திருக்கிறது, போயிருக்கிறது. ரெபெக்கா ஊருக்குத் திரும்பி என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். 2007இல் ஊரில் இருந்த ஒரு ஓவியக் காட்சிக்கூடத்தில் திரை கட்டினார். யாரைக் கூப்பிட்டார்? பறவை ஆர்வலர்களையா? பேராசிரியர்களையா? ஊர்க் கடைக்காரர்களைக் கூப்பிட்டார்! எவர் கையிலிருந்து பை போகிறதோ அவரையே கூப்பிட்டு உட்காரவைத்தார். படத்தைப் போட்டார். பேசினார்கள். ஊரின் 43 வணிகர்களும் பிளாஸ்டிக் பை கொடுப்பதை நிறுத்தச் சம்மதித்தார்கள். ஆறு மாதம் சோதனையாகச் செய்து பார்ப்போம் என்று, 2007 மே 1ஆம் தேதி தொடங்கினார்கள். துணிப்பை வந்தது, காகிதப்பை வந்தது, மக்காச்சோள மாவில் செய்த மக்கும் பை வந்தது. ஐரோப்பாவிலேயே பிளாஸ்டிக் பை இல்லாத முதல் ஊர் என்று பத்திரிகைகள் எழுதின.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். அதே படம் டிவியிலும் ஓடியது. வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்த்தவர்கள் பிரிட்டன் முழுக்க இருந்தார்கள். அவர்களும் பாவம் என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் பையைக் கடை கடையாக நிறுத்தியது மோட்பரி. ஏன்?

ஒரு மளிகைக் கடைக்காரரின் பயம் என்ன? பிளாஸ்டிக் நல்லது என்று எந்தக் கடைக்காரரும் நினைக்கவில்லை. "நான் மட்டும் பை தரலைன்னா, வர்ற ஆள் எதிர்க்கடைக்குப் போயிடுவானே" என்பதுதான் பயம். அதை எந்தப் புள்ளிவிவரமும் போக்காது. எதிர்க்கடைக்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதே செத்த குஞ்சைப் பார்த்து முகத்தைத் திருப்புகிறார் பாருங்கள், அங்கேதான் பயம் குறைகிறது. நீ நிறுத்தினால் நானும் நிறுத்துகிறேன் என்று சொல்ல அந்த அறை இடம் கொடுக்கிறது. எல்லோரையும் ஒரே நேரத்தில் கட்டுவதுதான் சட்டத்தின் பலம் என்று ஐயா சொன்னார். உண்மை. அந்த வேலையை மோட்பரியில் ஒரு திரை செய்தது. அபராதம் இல்லை, இன்ஸ்பெக்டர் இல்லை.

அடுத்து சட்டத்தின் கணக்குக்கு வருகிறேன். இங்கிலாந்தில் 2015 அக்டோபரில் பைக்கு 5 பென்ஸ் கட்டணம் என்று சட்டம் வந்தது. அதற்கு முந்தைய வருஷம் ஏழு பெரிய கடைச் சங்கிலிகள் மட்டும் கொடுத்த பை 760 கோடி. பிறகு அந்தக் கடைகளில் அது 95 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. பெரிய சாதனை, மறுக்க மாட்டேன். ஐயா இந்தக் கணக்கைச் சொன்னபோது அரங்கம் அமைதியாகிவிட்டது, நானும் கவனித்தேன்.

ஆனால் அவர் ஒரு வரியை விட்டுவிட்டார். அந்தச் சட்டம் 250 ஊழியர்களோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்கு மட்டும்தான். நாலு பேர் வேலை செய்யும் ரொட்டிக் கடை, இறைச்சிக் கடை, காய்கறிக் கடை எதுவும் அதில் வராது. மோட்பரியின் கடைத்தெரு போன்ற இடங்களைச் சட்டம் எட்டிப் பார்த்தது 2021 மே மாதத்தில். எல்லாக் கடைக்கும் கட்டணம், அதுவும் 10 பென்ஸ் என்று அப்போதுதான் மாற்றினார்கள். படம் போட்டது 2007. கணக்குப் பாருங்கள், 14 வருஷம். ஊர் பெரியவர்கள் கல்யாணத்துக்குத் தேதி குறித்து, கல்யாணம் முடிந்து, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை எட்டாம் வகுப்பு போகும்போது பத்திரிகை கொண்டுவந்து நீட்டியது சட்டம்.

நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. கடுமையான தடை, நல்ல தடை. எந்த அளவுப் பையானாலும் கூடாது. இன்று காலை இந்த அரங்குக்கு வரும் வழியில் எத்தனை டீக்கடையில் சூடான டீயைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். அந்தப் பட்டியலில் உள்பக்கம் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் இருக்கிறது. இடைவேளையில் நமக்கெல்லாம் டீ எதில் வந்தது? சட்டமே பெரிது என்று பேசிய தலைவர் ஐயா இரண்டு கப் வாங்கிக் குடித்தார். குற்றம் சொல்லவில்லை, நானும் குடித்தேன், டீ நன்றாகத்தான் இருந்தது. மேடையில் நம் முன்னால் இருக்கும் தண்ணீர் பாட்டிலுக்கு மட்டும் பிரச்சினையில்லை. தடைப் பட்டியலில் தண்ணீர் பாக்கெட் இருக்கிறது, பாட்டில் இல்லை!

சட்டம் வந்து ஏறக்குறைய மூன்று வருஷம் கழித்து, 2021 டிசம்பரில், அதே தமிழ்நாடு அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்ற பிரசாரத்தைத் தொடங்கியது. எதற்கு? தடைதான் இருக்கிறதே, அபராதம்தான் இருக்கிறதே! தடை போட்ட பிறகும் ஜனத்திடம் போய்ப் பேசவேண்டியிருக்கிறது என்று அரசுக்கே தெரிந்திருக்கிறது. எங்கள் அணிக்கு அரசே வந்து சாட்சி சொல்லும்போது நான் ஏன் தொண்டை கிழியக் கத்தவேண்டும்?

எதிரணியிலிருந்து ஒரு நல்ல அடியும் விழுந்தது. அதற்குப் பதில் சொல்லாமல் போனால் நேர்மையில்லை. டேவிட் அட்டன்பரோ குரல் கொடுத்து 2017இல் பிபிசி ஒளிபரப்பிய கடல் தொடரைப் பற்றி 2020இல் ஓர் ஆய்வு வெளியானது. பார்த்தவர்களுக்கு அறிவு கூடியது, ஆனால் பிளாஸ்டிக்கில் வரும் பொருளைக் கையில் எடுப்பது குறையவில்லை என்று அது சொன்னது. "பார்த்தீர்களா, படம் பார்த்தால் பேசுவான், மாறமாட்டான்" என்றார் எதிரணி நண்பர்.

நான் அந்த ஆய்வை அப்படியே ஏற்கிறேன். அது எங்கள் கட்சிக்குத்தான் பேசுகிறது. அந்த ஆய்வில் ஒரு ஆள் படம் பார்க்கிறார், பிறகு தனியாளாக ஒரு பொருளை எடுக்கிறார். அவருடைய எதிர்க்கடைக்காரர் அங்கே இல்லை. தெருக்காரர் இல்லை. "நாளைக்கு என்ன செய்யப் போகிறோம்?" என்று கேட்க ஒருவரும் இல்லை. படத்தை மட்டும் கொடுத்து ஊரை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பதை அளந்திருக்கிறார்கள். மோட்பரி இருக்கும் அதே டெவனில் டாட்னஸ் என்று ஒரு ஊர் உண்டு. பெட்ரோலிய எண்ணெயை நம்பாமல் ஊரை நடத்தப் பழகவேண்டும் என்று 2006இல் 'டிரான்சிஷன்' இயக்கத்தைத் தொடங்கிய ஊர். அந்த இயக்கத்தின் பழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். படம் முடிந்ததும் மேடைக்காரர் மைக்கைப் பிடித்து விளாச மாட்டார். பக்கத்தில் இருக்கும் ஆளிடம் திரும்பி, பார்த்ததைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். இருட்டிலிருந்து எழுந்து நேரே வீட்டுக்குப் போய்விட்டால் பார்த்தது அத்தனையும் பாரமாக மட்டும் தங்கிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

வெள்ளைக்காரன் ஊர்க் கதையையே சொல்கிறாயே என்று ஒருவர் பின்னால் முணுமுணுக்கிறார். சரி, பக்கத்துக் கர்நாடகத்துக்குப் போவோம். 2006இல் பெங்களூரு மைக்ரோசாப்ட் ஆராய்ச்சி மையத்தில் தொடங்கிய முயற்சி 'டிஜிட்டல் கிரீன்'. நிபுணரைக் கோட் சூட்டில் நிறுத்தி எடுக்கும் படம் அவர்களுக்கு வேண்டாம். கிராமத்து விவசாயி ஒருவர் தன் வயலில் அசோலா என்ற நீரில் மிதக்கும் தீவனச் செடியை வளர்ப்பதை, உரம் தயாரிப்பதைச் சின்ன கேமராவில் எடுப்பார்கள். சாயங்காலம் அந்த வட்டாரக் கிராமங்களிலேயே போட்டுக் காட்டுவார்கள். உள்ளூர் ஆள் ஒருவர் நடுநடுவே படத்தை நிறுத்திக் கேள்வி கேட்பார். 16 கிராமங்களை எடுத்து, பாதியில் இப்படிப் படம் காட்டி, மீதியை வழக்கமான அக்ரி ஆபீசர் முறையில் விட்டு, ஒரு வருஷத்துக்கு மேல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சில முறைகளைக் கைக்கொண்டவர்கள் ஏழு மடங்கு வரை கூடினார்கள். செலவைக் கணக்கிட்டால் குறைந்தது பத்து மடங்கு பலன்.

அந்தப் படங்களைப் பார்த்த விவசாயிகள் முதலில் என்ன கேட்டார்கள் தெரியுமா? என்ன உரம், எத்தனை கிலோ என்றா? "படத்துல இருக்கிறவர் பேர் என்ன, எந்த ஊர்?" என்றார்கள். பக்கத்து ஊர்க்காரன் செய்கிறான் என்றால் அது நமக்கும் ஆகும். அப்புறம்தான் கிலோக் கணக்கு.

எங்கள் பக்கத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. ஏசி அரங்கில், ஏற்கெனவே துணிப்பை தூக்கும் ஆட்களுக்கு மட்டும், ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாகவே கூடி, இரண்டு சமோசாவோடு கலைந்துபோகும் திரையிடல் ஊரூராக நடக்கிறது. கடைசியில் திரைக்கு முன்னால் நின்று ஒரு குரூப் போட்டோ. அது பொழுதுபோக்கு, நல்ல பொழுதுபோக்கு, அவ்வளவுதான். ரெபெக்கா கடைக்காரர்களைக் கூப்பிட்டதைப் போல, சாயப்பட்டறை பற்றிய படத்துக்குச் சாயப்பட்டறை முதலாளியைக் கூப்பிட வேண்டும். ஏரி பற்றிய படத்துக்கு, ஏரிக்கரையில் கட்டடம் கட்டியிருப்பவரை முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும். சண்டை வரும். வரட்டும். பட்டிமன்றத்துக்கே வருகிறோம், அதற்கு வர மாட்டோமா?

மணி அடித்துவிட்டார் நடுவர். அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மாவுக்கு ஒரே ஒரு கேள்வி வைத்துவிட்டு உட்காருகிறேன். இங்கிலாந்தில் பைக்குக் கட்டணச் சட்டம் 2015இல் வந்தது, சின்னக் கடைகளுக்கு 2021இல் வந்தது. அம்மா, 2007 மே 1ஆம் தேதி காலையில் மோட்பரியின் 43 வணிகர்களும் பிளாஸ்டிக் பை தரமாட்டோம் என்று சொன்னது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி? பிரிவு எண்ணைச் சொல்லிவிட்டு உங்கள் பேச்சைத் தொடங்குங்கள்.

நன்றி, வணக்கம்.