பதினொன்றரை மணிக்குக் கடிக்கும் பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கான பயிற்சிக் கூட்டங்களில், எடை பார்ப்பது, தடுப்பூசி, பதிவேடு என்று எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகு, பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி தவறாமல் எழும். "மேடம், எங்க சென்டர்ல ஒரு பையன் இருக்கான். பக்கத்துல உட்கார்ற பிள்ளைங்களைக் கடிச்சு வைக்கிறான். என்ன சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறான். நாங்க என்னதான் செய்யறது?" ஊர் மாறினாலும் இந்தக் கேள்வி மாறுவதில்லை. கடிக்கிற, கிள்ளுகிற, தள்ளிவிடுகிற, தரையில் புரண்டு அழுகிற, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் ஓடுகிற இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளைப் பால்வாடியில் எப்படிக் கையாள்வது என்பதே இன்றைய என் பேச்சின் பொருள்.

முதலில் வயதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே என்னும் ஆய்வாளர், குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ஒன்றைக் காட்டினார். மனிதர் தம் வாழ்நாளிலேயே மிக அதிகமாக அடிப்பதும் தள்ளுவதும் இரண்டு, மூன்று வயதில்தான். அதற்குப் பிறகு பெரும்பாலான பிள்ளைகளிடம் அது படிப்படியாகக் குறைகிறது. அடிக்கப் பிள்ளைக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அடிக்காமல் இருக்கத்தான் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. ஆகவே, இரண்டரை வயதுப் பிள்ளை ஒன்று பொம்மைக்காக இன்னொன்றின் கையைக் கடித்தால், அதை வளர்ப்புக் குறை என்றோ, அப்பன் குணம் அப்படியே வந்திருக்கிறது என்றோ முடிவு கட்டுவது அவசரம். "அது என்னுடையது, கொடு" என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு இன்னும் வாய் வரவில்லை. பல் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் நான்கு வயதுப் பிள்ளை நாள் தவறாமல் கடித்தால் அதைக் கொஞ்சம் துருவிப் பார்க்கத்தான் வேண்டும். அதற்கு ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். இரண்டு வாரங்களுக்கு ஒவ்வொரு முறையும் நான்கு செய்திகளை மட்டும் குறித்து வையுங்கள் என்று பணியாளர்களிடம் சொல்வேன்: மணி என்ன, அதற்குச் சற்று முன்பு என்ன நடந்துகொண்டிருந்தது, பிள்ளை என்ன செய்தது, அதன் பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது. "முரட்டுத்தனம் செய்தான்" என்று எழுதக் கூடாது. "பக்கத்துப் பெண்ணின் இடது தோளைக் கடித்தான்" என்று கண்ணால் பார்த்ததை அப்படியே எழுத வேண்டும். ஏற்கெனவே பதிவேடுகளும், 2021 முதல் பிள்ளைகளின் ஊட்டச்சத்து விவரங்களைப் பதிகிற போஷன் டிராக்கர் செயலியும் சுமையாக இருக்கும்போது இன்னொரு நோட்டா என்று அவர்கள் சலித்துக்கொள்வது நியாயம்தான். இருந்தாலும், யாருக்கும் மேலே அனுப்ப வேண்டாத, அவர்களுக்கே பயன்படுகிற ஒரே பதிவேடு இதுவாகத்தான் இருக்கும்.

ஒரு மையத்தில் இப்படி எழுதிப் பார்த்தபோது, "நாள் முழுக்கக் கடிக்கிறான்" என்று சொல்லப்பட்ட பையன் உண்மையில் காலையில் ஒரு முறைகூடக் கடித்திருக்கவில்லை. கடித்தவை எல்லாம் பதினொன்றரை மணிக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் வந்தன. அந்த நேரத்தில் அங்கே நடப்பதைப் பார்க்க வேண்டும். உதவியாளர் சமையலில் இருக்கிறார். பணியாளர் ஒருவரே எல்லாப் பிள்ளைகளையும் ஒரே குழாயடியில் வரிசையாக நிறுத்திக் கை கழுவ வைக்கிறார். கழுவி முடித்தவர்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சோறு வரும்வரை சுவரோரம் உட்கார்ந்திருக்க வேண்டும். முட்டை போடுகிற நாளில் அந்தக் காத்திருப்பு இன்னும் நீளும். இந்தப் பையனின் அம்மா வேலைக்கு விடியற்காலையிலேயே கிளம்பிவிடுகிறார். அவன் ஒரு டம்ளர் டீயோடு பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறவன். பசியோடு, கையில் வெறும் தட்டோடு, இடித்துக்கொண்டு உட்கார வேண்டிய அரை மணி நேரம் பெரியவர்களுக்கே பொறுக்காது.

இந்தக் குறிப்பின் நான்காவது பகுதியில் இன்னொன்றும் தெரிந்தது. கடித்ததும் பணியாளர் அவனை வரிசையிலிருந்து இழுத்துத் தம் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறார். சில நாள் அழுகையை நிறுத்துவதற்காக அவனுக்கே முதலில் சோறும் போட்டுவிடுகிறார். கடித்தால் காத்திருக்க வேண்டியதில்லை என்பதை அவன் கற்றுக்கொண்டான். அது குறும்பு அல்ல, கணக்கு. பிள்ளையின் நடத்தைக்குப் பெரும்பாலும் இப்படி ஒரு வரவு இருக்கும்: ஒன்று கிடைக்கிறது, அல்லது ஒன்றிலிருந்து தப்பிக்க முடிகிறது.

அங்கே செய்த மாற்றங்கள் பெரியவை அல்ல. வந்தவுடன் அவனுக்குச் சத்துமாவு உருண்டை கொடுத்தார்கள். எல்லாரையும் ஒரே நேரத்தில் குழாயடிக்கு அனுப்பாமல் நான்கு நான்கு பேராக அனுப்பி, மற்றவர்களை உட்காரவைத்துப் பாட்டுப் பாட வைத்தார்கள். தட்டு எடுத்துக் கொடுக்கும் வேலையை அவனிடம் ஒப்படைத்தார்கள். "டீச்சர், எனக்குப் பசிக்குது" என்று வந்து சொல்ல, அமைதியாக இருக்கிற காலை வேளையில் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கடிக்காதே என்பது பாதி. கடிப்பதற்குப் பதில் என்ன செய்யலாம் என்பதுதான் மீதி. அதையும், பிள்ளை கத்திக்கொண்டிருக்கிற நேரத்தில் சொல்லிக் கொடுக்க முடியாது.

முதல் வாரம் அவன் முன்பைவிட அதிகமாகக் கடிக்கப் பார்த்தான். இது எதிர்பார்க்க வேண்டியது. இதுவரை பலித்த உபாயம் திடீரென்று பலிக்காமல் போனால், பிள்ளை அதை இன்னும் உரக்கச் செய்து பார்க்கும். அந்த வாரத்தில்தான் பெரியவர்கள் கைவிட்டுப் பழைய வழிக்குத் திரும்பிவிடுகிறார்கள். தாக்குப்பிடித்தால் குறையும். முழுக்க நின்றுவிடும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். அந்தப் பையனும் அவ்வப்போது கிள்ளுவதைத் தொடர்ந்தான், ஆனால் கடிப்பது அரிதாகிவிட்டது.

"அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று ஒரு பழமொழி இருக்கிறதே என்பார்கள். அடித்தால் அந்த நேரத்துக்குப் பிள்ளை அடங்கும் என்பதை மறுக்க முடியாது. அதனால்தான் அடிக்கிறவர்களுக்கு அது பழகிப் போகிறது. ஆனால் கடிப்பதற்குப் பதில் என்ன செய்ய வேண்டும் என்பதை அடி ஒருபோதும் சொல்லிக் கொடுப்பதில்லை. பெரியவர் சின்னவரை அடிக்கலாம் என்பதை மட்டும் செய்து காட்டுகிறது. ஆறு வயது முதல் பள்ளியில் படிக்கிற பிள்ளையை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆவது பிரிவு தடை செய்கிறது. அதைவிடச் சின்னப் பிள்ளைக்கு மட்டும் அடி எப்படிப் பொருந்தும்? பூச்சாண்டி வருவான், போலீஸ் பிடித்துக்கொண்டு போகும், நர்ஸம்மா ஊசி போடுவார் என்கிற மிரட்டல்களையும் இதோடு சேர்த்தே சொல்கிறேன். கிராம சுகாதார செவிலியர் தடுப்பூசி போட மையத்துக்கே வருகிற நாளில், நாம் மிரட்டிய மிரட்டலுக்கு அவர்தான் விலை கொடுக்கிறார்.

சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளைக்கு உண்மையிலேயே காது கேட்காமல் இருக்கலாம். அடிக்கடி சளி பிடித்துக் காதில் சீழ் வடிகிற பிள்ளை, நாம் பின்னாலிருந்து கூப்பிடுவதைப் பாதிதான் கேட்கும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை பிள்ளையைச் சோர்வாகவும் சிடுசிடுப்பாகவும் ஆக்கும்; 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இவை போக, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாத, இரண்டு வயது கடந்தும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத, அல்லது பேசிக்கொண்டிருந்த பேச்சை இழந்துவிட்ட பிள்ளையைத் "தானாகச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடக் கூடாது. 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். தேவைப்பட்டால், வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குச் சிகிச்சை தருகிற மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பலாம். அந்தக் குழு வரும்போது முன்சொன்ன நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் அவர் பார்க்க முடியாததை அது காட்டும்.

மாலையில் பெற்றோரிடம் பேசுவது தனிக் கலை. வாசலில் மற்ற தாய்மார் நிற்கும்போது, "இன்னைக்கும் உங்க பையன் கடிச்சுட்டான்" என்று சொன்னால், அந்த அம்மா அவமானத்தில் தெருமுனை திரும்புவதற்குள் பிள்ளையின் முதுகில் இரண்டு வைப்பார். காலையில் நடந்த கடிக்கு மாலையில் விழுகிற அடி எதற்கென்று பிள்ளைக்குத் தெரியாது. தனியே அழைத்து, முதலில் அன்று அவன் செய்த நல்லது ஒன்றைச் சொல்லி, பிறகு "வீட்டில் எத்தனை மணிக்குத் தூங்குகிறான், காலையில் என்ன சாப்பிடுகிறான்" என்று விசாரித்தால் பேச்சு வேறு திசையில் போகும். கடிபட்ட பிள்ளையின் பெற்றோரிடம் காயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். கடித்தது யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவையும் ஒரே பணியாளரின் தலையில் கட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கில்லியம் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, அரசு நடத்தும் முன்பருவ வகுப்புகளிலிருந்து ஆயிரத்துக்கு ஏறக்குறைய 7 குழந்தைகள் வெளியேற்றப்படுவதாகவும், அது பள்ளி மாணவர்களுக்குள்ள விகிதத்தைப்போல் மூன்று மடங்கு என்றும் சொன்னது. நடத்தை பற்றி ஆலோசனை கேட்க ஒரு வல்லுநர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த வகுப்புகளில் வெளியேற்றம் குறைவாக இருந்தது. நம் ஊரில் யாரும் பிள்ளையை எழுத்துமூலம் வெளியேற்றுவதில்லை. "கொஞ்ச நாள் அனுப்பாதீங்கம்மா" என்கிற ஒரு வாக்கியம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அப்படி வீட்டில் நின்றுபோகிற பிள்ளைக்குச் சத்தான உணவும் போய்விடுகிறது, விளையாட்டும் போய்விடுகிறது, வேலைக்குப் போகிற தாயின் ஒரு நாள் கூலியும் போய்விடுகிறது.

ஆகவே மேற்பார்வையாளர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. மாதாந்திரக் கூட்டத்தில் அரை மணி நேரத்தை ஒதுக்கி, ஒரே ஒரு மையத்தின் ஒரே ஒரு பிள்ளையைப் பற்றி, பெயரைச் சொல்லாமல், அந்த நோட்டை வைத்துக்கொண்டு எல்லாரும் சேர்ந்து பேசுங்கள். பக்கத்து ஊர்ப் பணியாளர் ஒருவர் அதே தொல்லையை ஏற்கெனவே சமாளித்திருப்பார். அவர் என்ன செய்தார் என்பதை அவர் வாயாலேயே கேளுங்கள். நன்றி, வணக்கம்.