ஏழு பெயர் கொண்ட ஆறு

அனைவருக்கும் வணக்கம்.

மேசையில் இருப்பது ஒரு சுண்ணாம்புக்கல். இதைக் கொஞ்சம் சுரண்டி, அந்தத் தூளின் மேல் எலுமிச்சம்பழம் பிழிகிறேன். முன்வரிசையில் இருப்பவர்கள் எட்டிப் பாருங்கள், பொடிப்பொடியாக நுரை வருகிறது. கல் கரைகிறது. மலையில் இதே வேலையை மழை செய்கிறது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மழைநீர் லேசாகப் புளித்துப்போகிறது. அப்புறம் விரிசல்களில் இறங்கிப் பாறையை அரிக்கிறது. யுகக்கணக்கில் அரித்தால், மயிரிழை விரிசல் ஆறு ஓடும் குகையாகிவிடும்.

இப்படி அரிக்கப்பட்ட சுண்ணாம்பு நிலத்தை உலகம் 'கார்ஸ்ட்' என்கிறது. ஸ்லோவேனியாவில் இத்தாலி எல்லையை ஒட்டிய க்ராஸ் என்ற பீடபூமியின் ஜெர்மன் பெயர் அது. அந்த நாட்டில் லியூப்லியானிட்சா என்றொரு ஆறு. அதற்கு ஏழு பெயர்கள்! பூமிக்குள் மறைந்து வெளியே வரும்போதெல்லாம் ஊர்க்காரர்கள் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். பிவ்கா என்ற பெயரில் போஸ்டோய்னா குகைக்குள் நுழையும். பிளானினா குகையின் இருட்டில் ராக் என்ற ஆற்றோடு கூடும். வெளியே வந்தால் உனிட்சா. மறுபடி மறைந்து எழுந்த பிறகுதான் லியூப்லியானிட்சாவாகத் தலைநகருக்குப் போகிறது.

பக்கத்தில் செர்க்னிட்சா ஏரி. நிறைந்தால் 20 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரியும். வறண்ட கோடையில் அடியிலுள்ள துளைகள் வழியாக வடிந்துவிடும். படகு விட்ட இடத்திலேயே புல் அறுப்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் வால்வாசோர் என்ற அறிஞர் இதற்கு விளக்கம் சொன்னார். விளக்கம் முழுக்கச் சரியில்லை. ஆனாலும் தண்ணீருக்கு மலைக்குள் வழி இருக்கிறது என்பதை அவர் சரியாகப் பிடித்துவிட்டார்.

இந்த வழிகளை நினைத்தால் எனக்கு வியப்பைவிடப் பயம்தான் அதிகம். மணலில் தண்ணீர் மெல்ல ஊறி, வடிகட்டப்பட்டு இறங்கும். சுண்ணாம்பு மலையிலோ வடிகட்ட ஒன்றுமே இல்லை. அதே ஸ்லோவேனியாவின் பேலா க்ராயினா பகுதியில் ஓர் ஆலை, மின்தேக்கிகள் செய்யப் பயன்படும் பிசிபி என்ற நச்சுப்பொருளின் கழிவைத் தரையில் அமிழ்ந்திருந்த பள்ளங்களில் கொட்டி வந்தது. கொட்டியவர்களுக்கு அது வெறும் பள்ளம். மழை அந்த நஞ்சைக் கீழே கொண்டுபோய், க்ரூபா என்ற ஊற்றாற்றில் சேர்த்துவிட்டது. 1983இல்தான் விஷயம் வெளியே தெரிந்தது.

அந்த இருட்டு நீரில் ஓல்ம் என்றொரு பல்லி போன்ற உயிர் வாழ்கிறது. விரல் தடிமன், வெளிறிய தோல், கண் தெரியாது. பெருமழையில் வெளியே அடித்து வரப்பட்டால், அக்கால மக்கள் அதை டிராகன் குட்டி என்று நம்பினார்களாம். ஆண்டுக்கணக்கில் சாப்பிடாமல் தாங்கும், நூறு வயதுவரைகூட வாழும் என்று கணிக்கிறார்கள். ஆலை அந்த நச்சைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் கழித்து, க்ரூபா பக்கத்து ஓல்ம்களை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். அவற்றின் உடலில் பிசிபி குவிந்து கிடந்தது.