இன்னாது யாருக்கு?

நடுவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமை பெரிதும் வருந்துவது குடிப்பவனுக்காகவா, அவன் குடும்பத்துக்காகவா என்பது இன்றைய கேள்வி. குடும்பத்துக்காகவே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், ஒளி இழப்பவன் அவன், நாண் இழப்பவன் அவன், நஞ்சுண்பவன் அவன், ஊரார் நகைப்பதும் அவனைப் பார்த்துத்தான் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, பத்துக் குறளில் தாய் வருவது ஒன்றே ஒன்றில், அதுவும் ஒரு ஒப்புக்காக என்றார். கணக்கு சரிதான். ஆனால் குறளைத் தலை எண்ணிப் படிப்பதைவிட, எந்தக் குறளுக்குப் பின்னால் எந்தக் குறள் வந்து நிற்கிறது என்று பார்த்துப் படிப்பது நல்லது.

922ஆம் குறளைப் பாருங்கள். 'உண்ணற்க கள்ளை' என்று தடுத்த அதே மூச்சில், 'உணில்உண்க சான்றோரான் எண்ணப் படவேண்டா தார்' என்கிறார் வள்ளுவர். பெரியோர் மதிப்பு எனக்கு வேண்டாம் என்பவன் குடித்துக்கொள்ளட்டும் என்று கைகழுவுகிற பேச்சு இது. 'என் காசு, என் உடம்பு, உனக்கென்ன?' என்று இன்றும் கேட்கிறார்களே, அவர்களுக்கான விடையும் இதில் இருக்கிறது. குடிப்பவனின் மானம் மட்டுமே அதிகாரத்தின் கவலையாக இருந்திருந்தால் வாதம் அங்கேயே முடிந்திருக்கும். அவன்தான் மானமே வேண்டாம் என்றுவிட்டானே! அப்படி முடிந்துபோக வேண்டிய இடத்தில்தான், அடுத்த குறளான 923இல், வள்ளுவர் அவனைப் பெற்றவளை அழைத்துவந்து நிறுத்துகிறார்.

'ஈன்றாள் முகத்தேயும் இன்னாதால் என்மற்றுச்
சான்றோர் முகத்துக் களி.'

பெற்ற தாயின் முன்னாலேயே களி இன்னாதது என்றால், சான்றோர் முன்னால் அது என்னவாகும் என்று கேட்கிறது குறள். இதில் 'களி' என்ற சொல்லுக்குக் குடிமயக்கம் என்றும் பொருள் உண்டு, மகிழ்ச்சி என்றும் பொருள் உண்டு. களிப்பில் கிடப்பவனுக்கு அந்த நேரத்தில் துன்பம் தெரியாது. அப்படியானால் 'இன்னாது' யாருக்கு? களி அவனுடையது, இன்னாமை அவளுடையது. குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரும், அவன் நாண் அழிவதால் அது ஈன்றாளுக்கும் இன்னாததாயிற்று என்றே விளக்குகிறார். மகன் எது செய்தாலும் மகிழ்கிறவள் என்று அவர் சொல்லும் அந்தத் தாயாலேயே பொறுக்க முடியவில்லை என்பதன்மேல்தான் குறளின் பாரம் முழுவதும் இறங்குகிறது. அதை ஒப்புக்கு என்று தள்ளிவிட்டால் பிறகு 'என்மற்று' என்ற கேள்விக்கே கால் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'ஈன்ற பொழுதிற் பெரிதுவக்கும் தன்மகனைச் சான்றோன் எனக்கேட்ட தாய்' என்பது 69ஆம் குறள். ஈன்றவளும் சான்றாண்மையும் அங்கே ஒரு மகிழ்ச்சியில் சேர்ந்து வந்தார்கள். அதே இணை 923இல் மீண்டும் வருகிறது. மகனைச் சான்றோன் என்று ஊர் சொல்லக் கேட்கக் காத்திருந்தவள், இப்போது அவன் சான்றோர் முன் தள்ளாடுவதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு தாய் இருந்தார். மகன் இரவு வந்து திண்ணையிலேயே விழுந்துவிடுவான். விடிவதற்குள் தண்ணீர் ஊற்றித் திண்ணையைக் கழுவிவிட்டு, பால்காரர் வரும்போது, அவர் எதுவும் கேட்பதற்கு முன்பே, 'தம்பிக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல்' என்பார். அப்படிச் சொல்லும்போது பால்காரரின் முகத்தைப் பார்க்கமாட்டார், செம்பையே பார்த்துக்கொண்டிருப்பார். குடித்ததே இல்லை என்னும் பேச்சைக் கைவிடு என்று 928 சொல்கிறது. அந்த வீட்டில் அந்தப் பொய்யைச் சொல்லும் வேலை தாயிடம் வந்து சேர்ந்திருந்தது.

பொருள் கொடுத்து மெய்யறியாமையை வாங்குகிறான் என்கிறது 925. யாருடைய பொருள் என்று வள்ளுவர் சொல்லவில்லை. அடகுக் கடைக்குப் போன தோட்டின் சொந்தக்காரிக்குத் தெரியும். ஈரோட்டில் 1921இல் கள்ளுக்கடை மறியலுக்கு முன்னின்றவர்கள் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் அவருடைய சகோதரி கண்ணம்மாளும் என்பதை எதிரணியினருக்கு நினைவூட்டுகிறேன்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் நண்பர் பத்துக் குறளையும் மறுபடி எண்ண வேண்டாம். 923இல் உள்ள 'இன்னாது' என்ற ஒரு சொல்லை, அந்தத் தாயை விட்டுவிட்டு, குடித்தவன் மேலேயே ஏற்றிக் காட்டட்டும். நான் உட்கார்ந்து கேட்கிறேன்.