மச்சாளின் கொப்பி

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வருகிறேன். காசு கட்டிச் சேர்ந்து, மறுகா மற்ற ஆட்களையும் சேர்த்து விடுகிற சங்கிலி வியாபாரத்தில் ஆட்கள் சட்டென்று ஏறிச் சட்டென்று விழக் காரணம் பேராசையா, அந்த வியாபாரத்தின் அமைப்பா? அமைப்புத்தான் என்கிறது எங்கள் அணி.

எதிரணித் தம்பி சொன்னார், "உடம்பு நோகாமல் காசு பார்க்க நினைக்கிற ஆக்கள்தான் இதில் விழுகிறார்கள்" என்று. நீங்களும் கைதட்டினீர்கள். தம்பி, களுதாவளையில் என்ர மச்சாள் ஒருத்தி இருக்கிறா. விடியுமுன் தோட்டத்தில் நின்று வெற்றிலை பறித்து, அடுக்கிக் கட்டி, மறுகா பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவ. அவவுக்கா உடம்பு நோகாது?

சொந்தக்காரப் பிள்ளை ஒன்று வந்து கேட்டது, காப்பை ஈடு வைத்துக் காசு கட்டினா. முதல் வேலையே, ஒரு கொப்பியில் தெரிந்த ஆக்களின் பெயரை எழுதுவது. மாமி, சின்னம்மா, மச்சான்மார், எல்லாம் சொந்தம். சொந்தத்துக்குள் ஒருத்தி வந்து கேட்டால் இல்லையென்று சொல்ல வாய் வருமா? கொஞ்ச நாளில் ஆறு பேர் சேர்ந்தாச்சு. டவுனில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் மேடையேற்றி மாலை போட்டு "மேடம்" என்றார்கள். அதுவரை ஒருத்தரும் அவவை அப்படிக் கூப்பிட்டதில்லை, சபையோரே.

மறுகா அந்த ஆறு பேரும் ஆளுக்கொரு கொப்பி எடுத்தார்கள். எழுதினால் அதே மாமி, அதே சின்னம்மா! சின்னம்மாவுக்குக் கோல் எடுத்தால், "காலையிலதான் மாமி எடுத்தவ" என்கிறா. கல்லாற்று மச்சானுக்கு எடுத்தால், "இப்பதான் புள்ள இன்னொரு ஆள் கேட்டு வைச்சது" என்கிறார். ஒருநாள் விடியக்காலை மச்சாளின் போனே அடிக்குது. யார்? அவவுக்குக் கீழே, கீழுக்கும் கீழே சேர்ந்த ஒரு பெடியன். "மாமி, உங்களுக்கு ஒரு நல்ல பிஸ்னஸ் இருக்கு!" திரும்பவும் சொல்கிறேன், கேளுங்கள்: அவவுடைய சங்கிலியிலேயே அவவைச் சேரச் சொல்லிக் கேட்கிறான்! ஊருக்குள் ஆள் முடிந்துவிட்டது ஐயா, அவ்வளவுதான்.

ஆளுக்கு ஆறு பேர் என்றால் எட்டாவது படியில் 16 லட்சத்துக்கு மேல் ஆட்கள் வேண்டும். 2012 கணக்கெடுப்பில் மட்டக்களப்பு மாவட்டம் முழுக்கவே ஐந்தேகால் லட்சம் பேர்தான். மச்சாள் ஆசைப்படாவிட்டாலும் இந்தக் கணக்கு இடிந்துதான் விழும். அதனால்தான் 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கிச் சட்டத்தில் 83சி பிரிவைச் சேர்த்து, இப்படி ஆள் பிடித்து ஓடுகிற திட்டங்களையே தடை செய்தார்கள். ஆசைப்படுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லையே!

நடுவர் ஐயா, காப்பு போனது அவவுக்குப் பெரிதில்லை. அந்த ஆறு பேரின் காசும் போச்சுது. இந்த முறை கோயில் திருவிழாவுக்கு அவ வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "மாமியின்ர முகத்தில எப்படி முழிப்பன்?" என்று அழுதா. கட்டின காசைத் தா என்று மாமி கேட்கவேயில்லை, அதைத்தான் அவவால் தாங்க முடியவில்லை. மேடையில் மாலை போட்ட ஆட்களின் போனோ இப்போது வேலை செய்வதில்லை.

அவவைப் பேராசைக்காரி என்று மட்டும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள் ஐயா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நன்றி, வணக்கம்.