தக்காளி நாத்து ஏன் நூல் மாதிரி இழுத்துக்கிட்டுப் போகுது? வீட்டுக்குள்ள நாத்து விடுற முறை

[காட்சி: பழைய போட்டோ. கப்புல சாஞ்சு கிடக்கிற நாத்து.]

வணக்கம். நான் முதல் முதலா வீட்டுக்குள்ள விட்ட தக்காளி நாத்து இது. தண்டு வெளுத்துப் போய், தையல் நூல் மாதிரி இருக்கு பாருங்க. விதைச்சு மூடி வச்சுட்டு ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். திரும்பி வந்தப்போ இப்படிக் கிடந்துச்சு. விதை சரியில்லைன்னு நினைச்சேன். விதை நல்ல விதைதாங்க. மூடிக்குள்ள வெளிச்சத்தைத் தேடித் தேடி நீண்டிருக்கு, அவ்வளவுதான்.

[காட்சி: மொட்டை மாடி, காத்துல ஆடுற துணிக்கொடி.]

வெளியவே விதைக்கலாமேன்னு கேப்பீங்க. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க. மாடியில வச்ச ஒரு சின்ன கப்பு மண்ணு மத்தியானத்துக்குள்ள காஞ்சிடும். எறும்பு விதையை இழுத்துட்டுப் போயிடும், அணில் வந்து கிளறும். அதனால தக்காளி, கத்தரி, மிளகாய் மூணையும் உள்ள விடுறேன். வெண்டை, அவரை, முள்ளங்கியை எல்லாம் நேரா தொட்டியிலயே ஊனிடுங்க, பிடுங்கி நட்டா சரியா வராது.

தக்காளி நாத்துக்கு 25 முதல் 30 நாள் ஆகும். ஆனி 20 வாக்குல விதைச்சா, ஆடிப்பெருக்கு சமயத்துல நடலாம். மிளகாய்க்கு 35, 40 நாள்கூட ஆகும், பத்து நாள் முந்திக்கோங்க.

[காட்சி: டீ கப், தயிர் டப்பா, பிரியாணி டப்பா மூடி.]

டீ கப்போ தயிர் டப்பாவோ போதும். அடியில மூணு ஓட்டை கட்டாயம். முட்டை ஓடு வேண்டாம்னு சொல்லுவேன், வேருக்கு அதுல இடமே இல்லை. தேங்காய் நார்க்கழிவை ரெண்டு தடவை அலசிப் பிழிஞ்சுக்கோங்க, உப்பு போகணும். அதே அளவு சலிச்ச மண்புழு உரம் சேருங்க. கையில பிடிச்சா உருண்டை நிக்கணும், தண்ணி சொட்டக் கூடாது.

ஆறின கஞ்சித்தண்ணி ரெண்டு சொட்டு, சூடோமோனாஸ் பொடி (பூஞ்சை நோயைத் தடுக்கிற நல்ல பாக்டீரியா) ஒரு சிட்டிகை. அதுல விதையைப் புரட்டி நிழல்ல அரை மணி நேரம் உலர்த்துங்க. கப்புக்கு ரெண்டு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். அதுக்கு மேல புதைக்காதீங்க.

[காட்சி: மிக அருகில், மண்ணைப் பிளக்கிற முளை.]

இப்போதான் முக்கியமான இடம். முளைக்கிற வரைக்கும் ஈரமும் கதகதப்பும் போதும், மூடி போட்டு வைக்கலாம். தக்காளி அஞ்சாறு நாள்ல எட்டிப் பார்க்கும், மிளகாய் பத்து நாள்கூட எடுத்துக்கும். முதல்ல கழுத்து கொக்கி மாதிரி வளைஞ்சு வரும். பிறகு நிமிர்ந்து ரெண்டு இலையையும் வெளிய இழுக்கும். சிலதுல விதைத்தோல் தொப்பி மாதிரி ஒட்டியே இருக்கும். பிய்க்காதீங்க, ஒரு சொட்டுத் தண்ணி வச்சா ஊறி அதுவா கழண்டுடும்.

அந்தக் கொக்கியைப் பார்த்த அன்னைக்கே மூடியை எடுத்துடுங்க. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விடாதீங்க. கிழக்குப் பார்த்த ஜன்னலுக்குக் கொண்டு போங்க, தினமும் கப்பைத் திருப்பி வைங்க. வெயில் வராத ஃபிளாட்டா? ஒரு 9 வாட் வெள்ளை எல்இடி பல்பை அரை அடி உயரத்துல தொங்கவிட்டு, 14 மணி நேரம் எரிய விடுங்க. ராத்திரி அணைச்சுடணும். நாத்து வளர வளர பல்பையும் உயர்த்துங்க. போறப்போ வர்றப்போ உள்ளங்கையால மெல்லத் தடவிக் கொடுங்க, காத்துல ஆடுற மாதிரி ஆடினா தண்டு தடிக்கும்.

[காட்சி: அடித்தண்டு கறுத்துச் சாஞ்ச நாத்து.]

இது நாத்தழுகல். மண்ணை ஒட்டின இடத்துல தண்டு நீர்கோத்து, கறுத்து, ஒரே ராத்திரியில சாஞ்சிடும். அந்தக் கப்பைக் காப்பாத்த முடியாதுங்க, எடுத்துடுங்க. பெரும்பாலும் ஈரம் தேங்குறதாலதான் வருது. மேல ஊத்தாம, ஒரு தட்டுல தண்ணி விட்டு கப்பை பத்து நிமிஷம் வச்சு எடுங்க. மேல்மண் வெளுத்த பிறகு அடுத்த தண்ணி.

[காட்சி: காலை வெயில், மாடிப்படி.]

நாலு அஞ்சு இலை வந்ததும் காலை வெயில்ல ஒரு மணி நேரம் வைங்க. தினம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க, ஒரு வாரத்துல முழு வெயில் தாங்கும். நாத்து கொஞ்சம் நீண்டிருந்தாலும் தக்காளியா இருந்தா கவலை வேண்டாம். தண்டை முதல் இலை வரைக்கும் புதைச்சு நடுங்க, புதைஞ்ச தண்டுலயே வேர் விடும். மிளகாய்க்கு இதை நம்பாதீங்க, கப்புல இருந்த ஆழத்துலயே நடணும். நடவை சாயங்காலம் வச்சுக்கோங்க. அன்னைக்கு ராத்திரி முழுக்க வேர் மண்ணைப் பிடிக்க அதுக்கு நேரம் கிடைக்கும்.