கல்வெட்டில் பேர் வாங்கிய நாய்! வட ஆற்காட்டில் என் நம்பர் 1 சிற்பம்

கள்ளனைக் கடித்தது ஒரு நாய். 1,400 வருடம் ஆகிவிட்டது. அந்த நாயின் பேர் இன்றைக்கும் நமக்குத் தெரியும்!

வணக்கம். நம்ம பக்கத்தில் பிடித்த சிற்பம் எது என்று வேலூர்க்காரர் யாரைக் கேட்டாலும், கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தைத்தான் சொல்வார். தப்பில்லை, 16ஆம் நூற்றாண்டு வேலை, தூணுக்குத் தூண் குதிரையும் யாளியும் பாயும். ஆர்மாமலைக் குகையில் சமண ஓவியம் இருக்கிறது. போளூர் பக்கம் திருமலையில் சமணத் தீர்த்தங்கரர் நேமிநாதருக்கு 16 மீட்டர் உயரச் சிலை, நிமிர்ந்து பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

சரி, நாய்க்கு வருவோம்.

(திரையில்: எடுத்தனூர் நடுகல்)

செங்கம் பக்கம் எடுத்தனூர். இப்போது திருவண்ணாமலை மாவட்டம், முன்பு வட ஆற்காடு மாவட்டம். எருமைகளைக் காக்கப் போராடிச் செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்ட கல் இது. அவனோடு அதே கல்லில் நாயையும் செதுக்கி, தனியாக எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். நாயின் பேர் கோவிவன். கள்ளனைக் 'கடித்துக் காத்திருந்தவாறு' என்கிறது கல்வெட்டு. இந்தச் சொல்லில்தான் நான் விழுந்தேன். இன்றைக்குக் 'காத்திருந்தது' என்றால் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி. அங்கே, காவல் காத்து இருந்தது! எனக்கு இரண்டுமே கேட்கிறது. எசமான் விழுந்த இடத்தை விட்டு அது நகர்ந்திருக்குமா, சொல்லுங்கள்?

காலம், பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. அதே ராஜா அரக்கோணம் பக்கம் மகேந்திரவாடியில் ஒற்றைப் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். அங்கே சமஸ்கிருதக் கல்வெட்டு. ஊர் மகேந்திரபுரம், ஏரி மகேந்திர தடாகம், கோயில் மகேந்திர விஷ்ணு கிருகம். டியூப்லைட் முழுக்க 'உபயம்' எழுதுகிற ஆட்களுக்கு இவர்தான் பாட்டனார்! செதுக்கிய சிற்பியின் பேரைக் காணோம். எடுத்தனூர்க் கல்லிலோ அந்த மகாராஜா வெறும் 'மயிந்திர பருமர்'. தேதி சொல்ல மட்டும் வந்து போகிறார். முக்கிய இடம் எருமைக்காரனுக்கும் நாய்க்கும்.

அழகு என்று பார்த்தால் கல்யாண மண்டபம் எங்கேயோ இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் என் ஓட்டு கோவிவனுக்கே.

உங்கள் தெரு நாயின் பேரைக் கமென்டில் போடுங்கள். 'மணி'தான் ஜெயிக்கும் என்கிறார் எடிட்டர். தோற்றால் ஆம்பூர் பிரியாணி அவர் செலவு.